1964க்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்? சாட்ஸ்வொர்த் வரலாற்றைச் சேகரிக்கப் போகிறவர்களுக்கு

டர்பன் நகரத்தின் தென்மேற்கே, ஹிக்கின்சன் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மேட்டிலும் பள்ளத்திலும் வரிசை வரிசையாக வீடுகள். அதுதான் சாட்ஸ்வொர்த். தென்னாப்பிரிக்க இந்தியர்கள், அதிலும் தமிழர்கள், நெருக்கமாக வாழும் டவுன்ஷிப், அதாவது ஓர் இனத்துக்கென்று ஒதுக்கிக் கட்டிய குடியிருப்பு. இங்கே பெரியவர்களிடம் வரலாறு கேட்டுப் பதிவு செய்ய வருகிறவர்கள் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுகிறார்கள். "சாட்ஸ்வொர்த்துக்கு எப்போது வந்தீர்கள்?" என்பார்கள். "அறுபத்தஞ்சில், யூனிட் 2க்கு" என்று பதில் வரும். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

"அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர், மேவில், கிளேர்வுட், ரிவர்சைட் என்று இடங்களின் பெயர்கள் வரும். அவற்றோடு ஆற்றங்கரை, மாமரம், கோயில், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வரும். இது மக்கள் தேடி வந்த ஊர் அல்ல, அவர்களைக் கொண்டுவந்து வைத்த ஊர். ஆகவே இதன் வரலாறு இங்கே தொடங்குவதில்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வேலைகளில் பாதி தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

பின்னணி சுருக்கமாக. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை இனத்தை வைத்துப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. டர்பனில் எந்தப் பகுதி யாருக்கு என்ற அறிவிப்பு 1958இல் வெளியானது. இந்தியர்கள் வீடும் தோட்டமும் கோயிலும் கட்டி வாழ்ந்த கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதியானது. சாட்ஸ்வொர்த் மேடுகளில் இந்தியர்கள் வாழை பயிரிட்டு வந்தார்கள். அந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1964இல் முதல் குடும்பங்கள் குடியேறின. வடக்கே வெள்ளையருக்கான குயின்ஸ்பரோ, தெற்கே உம்லாஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்பர்களுக்கான உம்லாசி, இரண்டுக்கும் நடுவே இந்தியர்கள். வரைபடத்தை விரித்து வைத்தால் திட்டம் போட்டவர்களின் எண்ணம் அப்பட்டமாகத் தெரியும்.

பகுதிகளுக்கு முதலில் எண்தான் கொடுத்தார்கள். யூனிட் 1 ஹேவன்சைட், யூனிட் 2 பேவியூ, யூனிட் 3 வெஸ்ட்கிளிஃப் என்று பெயர்கள் இருந்தாலும், வயதானவர்கள் இன்றும் எண்ணைத்தான் சொல்வார்கள். சாலைகளும் அப்படியே. பழைய கடிதங்களிலும் சான்றிதழ்களிலும் 'ரோடு 700 சொச்சம்' என்று மட்டும் இருக்கும். இன்றைய வரைபடத்தில் அந்தச் சாலைக்கு வேறு பெயர் இருக்கலாம். எண்ணைப் பெயராக மாற்றி எழுதிவிட்டு எண்ணை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் அறுபதுகளின் ஆவணங்களோடு அந்த வீட்டைப் பொருத்தவே முடியாமல் போகும்.

ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை போடுவது நல்ல முறை. மேலே பழைய இடம், கீழே புதிய யூனிட்டும் சாலை எண்ணும், வந்த ஆண்டு, வந்தபோது வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போனார்கள், எங்கே போனார்கள், எடுத்து வந்த பொருள்கள், விட்டு வந்தவை. ஐம்பது அட்டை சேர்ந்ததும் பழைய இடத்தின்படி அடுக்குங்கள், யூனிட்டின்படி அடுக்காதீர்கள். ஒரே பாரக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நான்கு யூனிட்டில் சிதறிக் கிடப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் மறந்த பெயரை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். யூனிட்டின்படி அடுக்கியவர்களின் கையில் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களின் பட்டியல்தான் மிஞ்சுகிறது.

மேகசின் பாரக்ஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சாம்சூ சாலை ஓரம் டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடி வைத்திருந்த இடம் அது. தெரு கூட்டியவர்களும் கழிவு அள்ளியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். நெருக்கடியான இடம்தான். ஆனால் கோயில், பள்ளிக்கூடம், கால்பந்து, கூத்து எல்லாமே அங்கே இருந்தன. நகரமும் வேலையும் நடக்கும் தூரத்தில் இருந்தன. சாட்ஸ்வொர்த்துக்கு வந்த பிறகு பஸ் கட்டணம் மாதச் செலவில் புதிதாகச் சேர்ந்துகொண்டது. "வீடு பெரிசா இருந்துச்சு, ஆனா..." என்று இழுப்பவர்களிடம் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதைப் பொறுமையாகக் கேளுங்கள். வாடகை எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று எண்ணாகவே கேட்டு எழுதுங்கள். 'கஷ்டப்பட்டோம்' என்ற ஒரு சொல்லை விட அந்த மூன்று எண்கள் அதிகம் பேசும்.

இனி உட்கார்ந்து பதிவு செய்யும் வேலை. ஒரு தடவைக்கு 60 முதல் 90 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பெரியவர்கள் களைத்துப்போய், கேட்டதற்கெல்லாம் 'ஆமாம்' சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஒலிக்கருவியை வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. செல்போனில் பதிவு செய்தாலும் இந்த அமைப்பைத் தரும் செயலிகள் இருக்கின்றன. மேசைமேல் நேரே வைக்காமல் மடித்த துணியின் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் டீ கப் வைக்கும் ஓசையெல்லாம் இடி மாதிரி பதிவாகும். பழைய வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் பேச்சே கேட்காது. டர்பனில் கோடையில் பிற்பகல் மழை சாதாரணம் என்பதால் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். காலையிலும் ஹடீடா பறவை கூரைமேல் உட்கார்ந்து கத்தினால் அது அடங்கும் வரை நிறுத்தி வையுங்கள். மின்வெட்டு வரும் என்றே வைத்துக்கொண்டு இரண்டு பேட்டரி முழுதாக ஏற்றிக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 6 முதல் 8 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கைப் போடாமல் முப்பது பேரைப் பதிவு செய்துவிட்டு, எழுத ஆளில்லாமல் கிடப்பில் போட்ட சேகரிப்புகள்தான் அதிகம். மாதம் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டு, ஒன்றை எழுதி முடித்த பிறகு அடுத்ததற்குப் போவது மேல்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அங்கிள், ஆன்டி, ரொம்ப வயதானவர்களுக்கு மா. அங்கே மரியாதை அப்படித்தான். வீட்டில் பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் தவறாமல் கேளுங்கள். ஆயா என்றால் பெரும்பாலும் தமிழ்க் குடும்பம், அவ்வா என்றால் தெலுங்கு, ஆஜியோ நானியோ என்றால் போஜ்புரி பேசியவர்கள். குடும்பப் பெயரை வைத்து மொழியை முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். நாயுடு என்றிருப்பவர் தெலுங்கராகவும் இருக்கலாம், இரண்டு தலைமுறையாகத் தமிழ்க் கோயிலிலேயே வளர்ந்தவராகவும் இருக்கலாம். ஆந்திர மகா சபா 1931இல் உருவான பிறகுதான் தெலுங்கர் தனி அமைப்பாகத் திரண்டார்கள். அதற்கு முந்தைய பழக்கவழக்கங்களில் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது. அழைத்த சொல் மட்டும் வாயில் தங்கிவிடுகிறது.

வெறும் கேள்வியை விட ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேட்பது நல்லது. பழைய வீட்டிலிருந்து எடுத்துவந்த குத்துவிளக்கு, அம்மி, உரல், கண்ணாடி போட்ட முருகன் படம் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மியைக் கொண்டுவந்து வைத்தால், அதில் யார் அரைத்தார்கள், லாரியில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள் என்று பேச்சு தானாக ஓடும். பொருளைப் படமெடுக்கும்போது ஓர் அளவுகோலை அருகில் வைத்து மேலிருந்து, பக்கத்திலிருந்து, அடியிலிருந்து என மூன்று கோணத்தில் எடுங்கள். பித்தளைச் சாமான்களின் அடியில் பெயர் வெட்டியிருப்பார்கள். பல வீடுகளில் குடும்பப் பெயர் தமிழ் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கப்பல் பட்டியலில் ஒரு வரி

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் கதை கரும்புத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் கொடுக்கப்பட்டது. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்குப் பூட்டைத் திறக்கும் சாவி அந்த எண்தான், பெயரல்ல.

கப்பல் பட்டியலில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று போகும். பார்த்தால் எல்லாமே இருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழி உண்டு. வயது கண்ணால் பார்த்துப் போட்டது, ஐந்து வருடம் முன்பின் இருக்கும். சாதி என்ற இடத்தில் தொடக்க காலப் பட்டியல்களில் தமிழர் பலருக்கு 'மலபார்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். சொன்னவரும் உண்மையைச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாரும் தங்களைப் புதிதாக அறிமுகம் செய்துகொண்ட இடம் அது. ஆகவே இன்றைய குடும்பப் பெயரையும் அந்தக் கட்டத்தையும் வைத்துச் சாதி சொல்லும் வேலைக்குப் போகாதீர்கள். அந்த முடிவுகள் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும், வீட்டில் வீணான மனக்கசப்பையும் உண்டாக்கும்.

பெயரைத் தேடும்போது தமிழின் இயல்பை நினைவில் வையுங்கள். நம்முடைய 'க' ஓர் இடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் ஒலிக்கும். 'ப', 'த', 'ட' இவற்றுக்கும் அதே கதை. கேட்டு எழுதிய குமாஸ்தாவுக்கு அதற்கு இரண்டு இரண்டு ஆங்கில எழுத்துகள். குப்பம்மாவை அவர் 'கே'யிலும் எழுதுவார், 'சி'யிலும் எழுதுவார், 'ஜி'யிலும் எழுதுவார். பொன்னுசாமியை 'P' எழுத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் 'B' எழுத்தில் பாருங்கள். எல்லம்மா, ஏழுமலை போன்ற பெயர்கள் 'ஒய்' எழுத்தின்கீழ் ஒளிந்திருக்கும், ஏனென்றால் நாம் அவற்றை 'யெ' என்று உச்சரிக்கிறோம். எழுத்தைப் பார்த்துத் தேடுவதை விட, பெயரை வாய்விட்டுச் சொல்லி ஓர் ஆங்கிலேயன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசிப்பதுதான் வழி.

குடும்பப் பெயர் இன்னொரு சிக்கல். நமக்குத் தகப்பன் பெயரே அடையாளம். அங்கே பதிவேட்டில் பரம்பரைப் பெயர் கேட்டார்கள். ஒரு மகன் தகப்பன் பெயரான கோவிந்தசாமியைக் கொடுத்தார். இன்னொரு மகன் பட்டப் பெயரான பிள்ளையைக் கொடுத்தார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, முதலி 'மூட்லி' ஆனது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பது சாதாரணம். ஒன்றை மட்டும் பின்தொடர்ந்தால் மற்ற இரண்டு கிளைகளும் கைநழுவிப் போகும்.

பதிவெண் எங்கே கிடைக்கும்? ஒப்பந்தம் முடிந்தபோது கொடுத்த விடுதலைச் சீட்டில் இருக்கும், ஆனால் அது எல்லா வீட்டிலும் இருக்காது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளின் பழைய பிறப்புப் பதிவுகளில் பெற்றோரின் எண்களைச் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. பெரியவர்களின் மரணத்துக்குப் பிறகு தாக்கலான சொத்துக் கோப்புகளிலும் பார்க்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடிவரவு இலாகாவின் கோப்புகள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரைப் போட்டுக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சமாகும். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையமும், 1860 பாரம்பரிய மையமும் கட்டாயம் போக வேண்டிய இடங்கள். எந்தக் கோப்பைப் படமெடுத்தாலும் முதல் படம் அட்டையாக இருக்கட்டும், கோப்பு எண் தெரியும்படி. நூறு பக்கம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, எது எந்தக் கோப்பு என்று தெரியாமல் முழித்தவர்கள் நிறைய.

பெண்களின் தடத்தைப் பிடிப்பது இன்னும் கடினம். நம் முறைப்படி நடந்த கல்யாணம் பதிவாகாவிட்டால் காகிதத்தில் அது இல்லை. 1913இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களையே கேள்விக்குள்ளாக்கியது. காந்தி நடத்திய அந்த ஆண்டுச் சத்தியாகிரகப் போராட்டத்தில் பெண்கள் தெருவுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். விடுதலையான கூலிகள் மேல் போட்ட 3 பவுண்டு வரி 1914இல் நீங்கியதும் அந்தப் போராட்டத்தால்தான். காகிதத்தில் 'மணமாகாதவர்' என்று இருந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் மயான நோட்டுப் புத்தகத்தையும் பார்த்து ஒத்துப்பாருங்கள்.

கிராமப் பெயரை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் தேடி வருகிறவர்கள் பழைய ஜில்லா எல்லைகளை மறந்துவிடுகிறார்கள். வட ஆற்காடு என்று எழுதியிருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டும் அல்ல. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகும் வரை அந்தப் பகுதிகளும் அதில்தான் இருந்தன. இன்று ஆந்திராவில் இருக்கிற கிராமத்தைத் தமிழ்நாட்டில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. முதலில் தாலுகாவை உறுதி செய்யுங்கள், பிறகு கிராமத்துக்கு வாருங்கள். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் ஒரே தாலுகாவில் இரண்டு மூன்று இருக்கும். குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், பல நேரம் அதுதான் சரியான ஊரைக் காட்டிக் கொடுக்கும்.

கூழ்ப் பானை

சாட்ஸ்வொர்த்தின் சமூக வாழ்க்கையைப் பதிவு செய்யப் போகிறவர்கள் கோயில் கும்பாபிஷேகம், காவடி என்று பெரிய நாட்களையே குறிவைக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் நடக்கும் ஆடிக் கூழ்ப் பூசையை விட்டுவிடுகிறார்கள். அங்கே அதற்கு 'போரிட்ஜ் பிரேயர்' என்று பெயர். மாரியம்மனுக்குச் செய்வது. வேப்பிலைக்கு நேட்டாலில் மலைவேம்பு. 'சிரிங்கா' என்று அவர்கள் சொல்லும் மரம். இலை பார்வைக்கு வேப்பிலை மாதிரியே இருக்கும். கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு. இந்த இரண்டு மாற்றத்திலும் நூற்றைம்பது வருடக் குடியேற்றம் இருக்கிறது என்பதால்தான் அளவோடு எழுதி வைக்கச் சொல்கிறோம்.

நமக்கு ஆடி என்றால் காற்று, வெயில். டர்பனில் அது குளிர்காலம். ஊரில் ஓர் இரவில் புளிக்கும் மாவு அங்கே இரண்டு இரவு கேட்கும், சில வருடம் மூன்று. அதனால் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் புதன்கிழமையே மாவைக் கரைக்க வேண்டும். நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வீதம் 20 லிட்டர் கூழ். அதற்கு இரண்டரைக் கிலோ மாவு வேண்டும். அதில் ஒரு கிலோவை வெதுவெதுப்பான தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, மூடி, கம்பளி சுற்றி அடுப்பங்கரையில் வைப்பது வழி. மேலே சிறு குமிழியும் புளிப்பு வாசமும் வந்தால் தயார். பச்சை, கறுப்புப் பூசணம் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டு ஊற்றாதீர்கள், முழுதாகக் கொட்டிவிடுங்கள்.

பெரிய பானையில் 16, 17 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மிச்சமுள்ள மாவையும் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகே ஊற்ற வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள் விழும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. புளித்த கரைசலை அதற்குப் பின் சேர்த்து, தணலைக் குறைத்து, மரக்கரண்டியால் அடியைத் தொட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் முக்கால் மணியில் வெந்துவிடும். விறகில் அடி பிடிப்பது சகஜம். பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேல் கூழை வேறு பானைக்கு மாற்றிவிட வேண்டும். சுரண்டினால் கருகல் வாசம் முழுக்கப் பரவும். ஆறிய பிறகு தயிரும் சின்ன வெங்காயமும் சேர்ப்பார்கள். கூடவே பூசணிக்காயும் கீரையும்.

பதிவு செய்கிறவர் இதையெல்லாம் பானையின் லிட்டர் அளவோடு எழுதி, யார் கிண்டினார்கள், மாவை யார் தொடலாம், யார் தொடக் கூடாது, முதல் டம்ளர் யாருக்குப் போகிறது, பாடிய பாட்டு எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு இது மாறும். 'சரியான முறை எது' என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

பாட்டு என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத தலைமுறை தேவாரத்தையும் திருப்புகழையும் அம்மன் தாலாட்டையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறது. தெருக்கூத்தின் வழியில் வந்த கூத்தை அங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்கிறார்கள். அந்தப் பாட்டு நோட்டுகள் எங்கேயாவது கிடைத்தால் அவையும் சொக்கத் தங்கம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அவற்றைப் பார்த்ததும் பிழை திருத்தக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். 'தண்ணி', 'சோறு', 'ஆயா' என்று அவர்கள் வாயில் நிற்கும் தமிழும், பாட்டில் மருவிப்போன சொல்லும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் பேசியதன் எச்சம். நாம் திருத்தும் இடத்தில்தான் பழைய வட்டார வழக்கு இருந்திருக்கும். கேட்டபடி ஒரு பிரதி எழுதுங்கள், உங்களுக்குப் புரிந்தபடி வேறொரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். நோட்டுகளையும் புகைப்படங்களையும் 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே. பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

காவடிக்குப் போனால் கோயில் கமிட்டியிடம் முன்கூட்டியே கேளுங்கள். கொடியேற்றத்திலிருந்தே போங்கள். கடைசி நாள் மட்டும் போனால் அலகு குத்திய உடம்புகளின் படம்தான் கிடைக்கும், அதற்கு முன்னால் இருந்த விரதமும் சமையலும் செவ்வந்திப் பூக் கட்டிய இரவும் தப்பிப்போகும். அருள் வந்தவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கேட்டோ மேனரின் அம்பலவாணர் ஆலயம் போன்ற பழைய கோயில்களுக்குச் சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்றும் குடும்பங்கள் போகின்றன. 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்து, 1905 வெள்ளத்தில் அடித்துப் போய், 1947இல் மறுபடி கட்டிய கோயில் அது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிறகும் பூமிதிக்கு அங்கேதான் போவோம் என்று சொல்லும் குடும்பங்களிடம், எந்த வருடத்திலிருந்து, யார் அழைத்துப் போனார்கள் என்று கேளுங்கள்.

கேட்கக் கூடாத நேரங்களும் உண்டு. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியருக்கும் கறுப்பருக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இந்தியரும் இறந்தார்கள், அதைவிட அதிகமாகக் கறுப்பர்களும் இறந்தார்கள். அதைப் பற்றிச் சொல்வோரின் பேச்சில் பக்கத்து வீட்டுச் சூலுக் குடும்பம் கதவை மூடிக் காப்பாற்றியதும் வரும், அடித்து விரட்டியதும் வரும். இரண்டையும் வெட்டாமல் எழுதுங்கள். 2000 மார்ச் 24 அன்று சாட்ஸ்வொர்த்தில் ஓர் இரவு விடுதியில் கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்து, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வீடுகளுக்கு ஒலிக்கருவியோடு போகாதீர்கள். அவர்களாகப் பேச விரும்பினால் அழைப்பார்கள். அதே காலத்தில் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் அடுக்குமாடிகளில் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்ய வந்தவர்களை மக்கள் திரண்டு தடுத்ததை, பேராசிரியர் ஃபாத்திமா மீர் போன்றோர் அவர்கள் பக்கம் நின்றதை, மாறாகத் தாராளமாகக் கேட்கலாம். பெருமையோடு சொல்வார்கள். கட்டாய வெளியேற்றம் அறுபதுகளோடு முடிந்துபோன விஷயம் அல்ல என்று அப்போது புரியும். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியில் இருக்கும் கறுப்பினக் குடும்பங்களும் சாட்ஸ்வொர்த்காரர்கள்தான். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் குரூப் ஏரியாஸ் சட்டம் போட்ட கோட்டை நாமும் ஒரு தடவை போட்டதாகிவிடும்.

வீட்டில் ஒரு பழுப்பு உறை இருக்கிறதா என்று கடைசியில் கேளுங்கள். நிலம் பறிபோனதற்கு இழப்பீடு கேட்க 1994இல் சட்டம் வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. அதற்காகப் பல குடும்பங்கள் மனை எண், கையகப்படுத்திய கடிதம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு வருடம் அலைந்து திரட்டும் காகிதங்கள் அந்த உறைக்குள் இருக்கும். அதைப் படமெடுக்கும்போது அடையாள அட்டையின் 13 இலக்க எண்ணைத் துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2020 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஒப்புதல் படிவம் இரண்டு பிரதி, ஒன்று அவர்கள் கையில். ஒலியை யார் கேட்கலாம், எப்போது முதல் கேட்கலாம், பெயர் போடலாமா என்று மூன்று தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்கினால் பிறகு பிள்ளைகள் வந்து கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

கோப்புகளை மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். நான்காவது பிரதி அந்தக் குடும்பத்துக்கு. பென் டிரைவ் கொடுத்தால் மேசை இழுப்பறையில் தொலைந்துபோகும். எழுத்தாக்கியதை அச்செடுத்து, படங்களோடு தைத்து, முதல் பக்கத்தில் குடும்பத்தின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டுமே தங்கள் பெயரை எழுதிப் பழகியவர்கள் அந்தப் பக்கத்தின் மேல் விரல் வைத்து, எது 'மு', எது 'னி' என்று கேட்பார்கள். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.